ஆளுக்கொரு திட்டம்

சிறப்புக்கல்வி ஆசிரியையின் மேசைமேல் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கோப்புகள் இருக்கும். ஆறு மாணவர்கள் என்றால் ஆறு கோப்புகள். ஒவ்வொன்றிலும் மருத்துவரின் அறிக்கை, மாணவரின் கைவேலைகள், ஆசிரியையின் குறிப்புகள் எனப் பல தாள்கள் சேர்ந்திருக்கும். அவற்றுள் சில பக்கங்களே கொண்ட ஒரு பகுதி, அந்த மாணவர் அவ்வாண்டில் என்ன கற்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்குத் ‘தனிநபர் கல்வித் திட்டம்’ என்று பெயர்.

பொது வகுப்பில் முப்பது மாணவர்களும் ஒரே பாடத்தைக் கற்பர். சிறப்புக்கல்வி வகுப்பில் நிலைமை வேறு. ஒருவனுக்குப் பேச்சு வராது. ஆனால், படங்களைக் காட்டினால் தனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சுட்டுவான். மற்றொருத்தி சரளமாகப் பேசுவாள். எழுத்துகளைக் கண்டால் தடுமாறுவாள். இன்னொருவன் மின்விசிறியின் ஓசைக்கே காதைப் பொத்திக்கொள்வான். இவர்களுக்கு ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் கற்பித்தால் யாருக்கும் பயன் கிட்டாது. ஆகவேதான், ஆளுக்கொரு திட்டம் தேவைப்படுகிறது.

எழுத்து வடிவிலான தனித்திட்டம் மாணவரின் உரிமை என்பதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் கூடிய உலக மாநாடு, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் பொதுப் பள்ளிகளில் கற்க வழி செய்ய வேண்டும் என வலியுறுத்தியது. மலேசியாவின் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம் சிறப்புக்கல்விக்கு இடமளித்தது. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக்கல்வி விதிமுறைகள், கற்பிக்கும் முறையையும் நேரத்தையும் துணைப்பொருள்களையும் மாணவரின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஆசிரியருக்கு வழிவிட்டன. சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கொள்கை 2019ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. சட்டம் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளை அடுத்து எந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்பதை ஆசிரியைதான் கண்டறிய வேண்டும்.

ஈப்போவின் புறநகரில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் சிறப்புக்கல்வி வகுப்பில் பதினொரு வயது மாணவன் ஒருவன் பயில்வதாகக் கொள்ளலாம். அவனால் எவையெல்லாம் முடியாது என்ற பட்டியலோடு ஆசிரியை தொடங்குவதில்லை. சில வாரங்கள் அவனைக் கூர்ந்து கவனிக்கிறார். அவன் ஐம்பது வரை எண்ணுகிறான். பந்தைக் குறி தவறாமல் எறிகிறான். சிற்றுண்டிச்சாலையில் ஒழுங்காக வரிசையில் நிற்கிறான். ஆனால், கையிலுள்ள பணம் முழுவதையும் நீட்டிவிட்டு, மீதியை வாங்காமலே வந்துவிடுகிறான்.

‘கணிதத்தில் முன்னேற்றம் காண்பான்’ என்று திட்டத்தில் எழுதுவது எளிது. ஆனால், அந்த இலக்கை அவன் அடைந்தானா என்று ஆண்டிறுதியில் எவராலும் சொல்ல இயலாது. எனவே, ஆசிரியை இவ்வாறு எழுதுகிறார்: ‘ஐந்து ரிங்கிட் தாளைக் கொடுத்து, மூன்று ரிங்கிட் விலையுள்ள உணவை வாங்கி, மீதியைச் சரிபார்ப்பான். ஐந்து முறைகளில் நான்கு முறை உதவியின்றிச் செய்வான்.’ பிறகு, அந்த இலக்கைச் சிறுசிறு படிகளாகப் பிரிக்கிறார். நீலத்தாள் ஒரு ரிங்கிட், பச்சைத்தாள் ஐந்து, சிவப்புத்தாள் பத்து என்று அறிவது முதற்படி. வகுப்பறையில் அமைத்த விளையாட்டுக் கடையில் வாங்கிப் பழகுவது அடுத்த படி. ஆசிரியை அருகில் நிற்க, உண்மையான சிற்றுண்டிச்சாலையில் வாங்குவது மூன்றாம் படி. தனியாகச் செல்வது கடைசிப் படி.

சில திறன்களைக் கடைசிப் படியிலிருந்தும் கற்பிப்பதுண்டு. சட்டைக்குப் பொத்தான் போடக் கற்பிக்கும்போது, ஆசிரியை பொத்தானைத் துளைக்குள் பாதிவரை நுழைத்துவிடுவார். அதனை இழுத்து முடிப்பது மட்டும் மாணவனின் வேலை. அடுத்தடுத்த நாள்களில் ஆசிரியையின் பங்கு குறையும். மாணவனின் பங்கு கூடும். முதல் நாளிலிருந்தே வேலையை முடித்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கும்.

ஒவ்வொரு முயற்சியையும் ஆசிரியை குறித்து வைக்கிறார். பல வாரங்கள் கடந்தும் மாற்றம் இல்லையெனில் முறையை மாற்றுகிறார். படங்களுக்குப் பதிலாக உண்மையான நாணயங்களைத் தருகிறார். களைத்திருக்கும் நண்பகலை விட்டுக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ‘இவனுக்கு வராது’ என்று எழுதுவதற்கு அந்தத் திட்டத்தில் கட்டம் இல்லை.

ஆசிரியை மட்டும் எழுதி முடித்துவிடக் கூடிய திட்டமும் அன்று அது. பெற்றோரும் அதனை அறிந்து கையொப்பமிட வேண்டும். பேராக் மாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பல, ரப்பர்த் தோட்டங்களில் வேர்விட்டவை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் அங்கு மரமாக நிற்கிறது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்குப் பெயர்ந்தனர். பெற்றோர் தொழிற்சாலைக்குச் சென்றுவிட, பேரனுக்காகப் பள்ளிக்கு வருபவர் முன்பு பால் வெட்டிய பாட்டியாக இருப்பதும் உண்டு. அத்தகைய பாட்டிக்கு ஒரு கவலை எழுவது இயல்பே.

“அவன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் வாய்ப்பாடு சொல்லுதுங்க டீச்சர். இவன் மட்டும் இன்னும் காசு எண்ணிக்கிட்டு இருக்கானே?”

“பாட்டி, ஒரே நாள்ல நட்ட மரம் எல்லாத்தையும் ஒரே நாள்லயா வெட்ட ஆரம்பிப்பாங்க?”

“அது எப்படி? சுத்தளவை அளந்து பார்த்துத்தான் வெட்டுவாங்க. பருமன் பத்தலைன்னா விட்டு வெப்பாங்க.”

“விட்டு வெச்ச மரத்துக்கு உரம் போடுவாங்களா, மாட்டாங்களா?”

“போடாம இருப்பாங்களா?”

“அந்த உரம்தான் பாட்டி இந்தத் திட்டம்.”

ரப்பர் மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் ஆன பிறகே பால்வெட்டுத் தொடங்கும். பாட்டிக்கு இது கைப்பழக்கத்தில் வந்த அறிவு. பேரனை வாரந்தோறும் பக்கத்துக் கடைக்கு ஐந்து ரிங்கிட்டுடன் அனுப்ப அவர் இசைகிறார். அதுவும் திட்டத்தில் இடம்பெறுகிறது. பள்ளியில் கற்றதை வீட்டிலும் பழகினால்தான் அது நிலைக்கும்.

ஆறு திட்டங்களை எழுதுவதும் திருத்துவதும் பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குப் பின்னரே நடைபெறும். களைப்பில், சென்ற ஆண்டின் திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றிவிட்டாலும் கோப்பு முழுமையாகவே தோன்றும். ஆனால், மாணவன் ஏற்கெனவே அறிந்ததையே இன்னும் ஓராண்டு கற்பான். தனக்கு நேர்ந்த இழப்பை எடுத்துச் சொல்ல அவனுக்குச் சொற்களும் இல்லாமல் இருக்கலாம். ஆறாம் ஆண்டுக்குப் பின் அவன் மலாய்மொழி வழியில் பயிலும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்வான். அவனுடைய கோப்பும் அவனுடன் செல்ல வேண்டும். இல்லையெனில், அவன் ஏறி வந்த படிகளை அறியாத புதிய ஆசிரியர் மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்க நேரிடும்.

2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம், சிறப்புத் தேவையுடைய மாணவர்களுள் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கக் கல்வியில் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது. அதாவது, அவர்கள் பொது வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து கற்க வேண்டும். அப்போது, திட்டம் நிறைவேறுவதில் உடன் பயிலும் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. சிற்றுண்டிச்சாலையில் அந்த மாணவன் மீதியை எண்ணிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நிற்பவர் தாமே எண்ணித் தந்துவிட்டால் அது உதவிபோலத் தோன்றும். ஆனால், பல மாதங்களாக அவன் பழகிவந்த கடைசிப் படி அதனால் தவறிப்போகும். அவன் எண்ணி முடிக்கும்வரை அரை நிமிடம் பொறுமையாகக் காத்திருப்பதே அவனுக்குத் தேவையான உதவியாகும்.