லேப்டாப்பில் ஓடுவது பெரிய திரையில் ஏன் திணறியது?

எங்கள் படிப்பகத்தில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். பத்து வருடம் பழசு, உபுண்டு லினக்ஸ் போட்டது. அதைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்கான வீடியோ வகுப்புகளைப் பார்ப்போம். முன்வரிசையில் இருக்கும் மூன்று பேருக்குத்தான் எழுத்து தெரியும். மற்ற ஆறு பேரும் காதால்தான் படித்தார்கள்.

எங்கள் தெருவிலிருந்து ஐடி வேலைக்குப் போன அண்ணன் ஒருவர், தான் பயன்படுத்திய 27 அங்குல 4கே மானிட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலையே எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினோம். சுவர் அளவுக்குப் பாடம் தெரிந்ததும் கைதட்டாத ஆள் இல்லை.

ஐந்து நிமிடம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. பிரவுசரில் பக்கத்தைக் கீழே நகர்த்தினால் தட்டித் தட்டி இறங்கியது. வீடியோவில் ஆசிரியரின் கை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவியது. குரல் முன்னால் போக, படம் பின்னால் வந்தது. உள்ளே இருக்கும் விசிறி இரைய ஆரம்பித்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். பிரவுசரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டோம். கேஷை அழித்தோம். கேபிளை மாற்றினோம். எதுவும் பலிக்கவில்லை. “லினக்ஸ் போட்டதே தப்பு” என்றார் ஒருவர். கடையில் கேட்டோம். “மெஷின் பழசு தம்பி, இதுக்கு மேல இழுக்காது. புதுசு வாங்கிடுங்க” என்று 32,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப்பைக் காட்டினார்கள். எங்களிடம் இருந்தது புத்தகம் வாங்கச் சேர்த்த 11,000 ரூபாய். அதைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன் வாங்குவது என்று முடிவும் எடுத்துவிட்டோம்.

முதல் நாளே ஒரு பிளஸ் டூ மாணவி எங்களிடம் சொன்னாள்: “அண்ணா, மவுஸ் அம்புக்குறி லேப்டாப்புல நல்லாப் போகுது. அந்தத் திரைக்குப் போனதும் தாவுது. பிரவுசரே இல்லாத இடத்துலகூடத் தாவுது. மெஷின் பழசுன்னா ரெண்டுலயும் தாவணும்ல?”

நாங்கள் சொன்ன பதில்: “பாப்பா, நீ பாடத்தைக் கவனி.”

மூன்றாம் நாள் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் அதே கேள்வியை ஏதோ தானே கண்டுபிடித்ததைப் போலக் கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். எங்களுக்குச் சுருக்கென்றது. அவளையே லேப்டாப் முன்னால் உட்காரச் சொன்னோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் அதே வீடியோவை இரண்டு திரையிலும் ஓட்டிப் பார்ப்பது, கண்டதை நோட்டில் எழுதுவது என்று அவளே ஒழுங்கு வைத்தாள். முன்பு நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதால், எது என்ன செய்தது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் அம்புக்குறி ஏன் தாவுகிறது என்று பார்த்தோம். டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு திரையும் வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று காட்டும். இப்போது நடப்பதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். லேப்டாப் திரைக்கு 60. மானிட்டருக்கு 30. அதாவது லேப்டாப்பில் 16.7 மில்லிவினாடிக்கு ஒரு படம், மானிட்டரில் 33.3 மில்லிவினாடிக்கு ஒரு படம். காரணம் எளிது. பழைய லேப்டாப்களில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4. அந்த வழியில் 4கே படம் வினாடிக்கு 30 முறைக்கு மேல் போகாது. 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். கேபிளை மட்டும் மாற்றிப் பலனில்லை, லேப்டாப்பின் துளையே அவ்வளவுதான் அனுப்பும். மானிட்டரின் அளவை 1920க்கு 1080 என்று குறைத்தோம். உடனே 60 வந்தது. அம்புக்குறியும் வழுக்கிக்கொண்டு போனது.

ஆனால் வீடியோ இன்னும் திணறியது. இரண்டாவதாக ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் என்று தட்டினோம். அங்கே கம்போஸிட்டிங் என்ற வரியில் வெப்ரெண்டர் (சாஃப்ட்வேர்) என்றிருந்தது. படம் வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப் செய்யவில்லை, பிராசஸரே தனியாகச் சுமக்கிறது என்று அதற்குப் பொருள். ஏன்? முந்தைய ஆண்டு பிரவுசர் ஒருமுறை உறைந்து நின்றபோது யாரோ சொன்னார்கள் என்று ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தவர்கள் நாங்கள்தான். அணைத்ததை மறந்தும் போனோம்.

லேப்டாப் திரையில் அந்தத் தவறு ஏன் தெரியவில்லை? அதில் 1366க்கு 768, சுமார் 10.5 லட்சம் பிக்சல்கள். அதைப் பிராசஸர் எப்படியோ சமாளித்தது. 4கே திரையிலோ கிட்டத்தட்ட 83 லட்சம், எட்டு மடங்கு. சின்னத் திரையில் ஒளிந்திருந்த எங்கள் தவறு பெரிய திரையில் வெளியே வந்தது. அமைப்புகளில் செயல்திறன் பகுதிக்குப் போய் அதைத் திரும்ப இயக்கி, பிரவுசரை மூடித் திறந்தோம். விசிறிச் சத்தம் அடங்கியது. பக்கம் தண்ணீர் மாதிரி நகர்ந்தது.

மிச்சம் ஒன்று. வேகமாக அசையும் படத்தில் குறுக்கே ஒரு கீறல் வந்து வந்து போனது. நாங்கள் இருந்தது எக்ஸ்11 அமர்வில். எக்ஸ்11 வந்தது 1987இல். எத்தனை திரை மாட்டினாலும் எல்லாவற்றையும் ஒரே பெரிய பலகையாகத்தான் அது பார்க்கும். 2008இல் தொடங்கிய வேலண்ட் ஒவ்வொரு திரையையும் அதனதன் வேகத்தில் நடத்தும். திரைகளின் வேகம் வேறுவேறாக இருக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆன்லைன் கூட்டத்தில் திரையைப் பகிர்வதற்காக எப்போதோ நாங்களே எக்ஸ்11க்கு மாறியிருந்தோம். லாக் அவுட் செய்து, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தை அழுத்தி வேலண்டைத் தேர்ந்தெடுத்தோம். கீறல் போய்விட்டது. 2023 டிசம்பரில் வந்த 121ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் வேலண்டில் நேரடியாகவே ஓடுகிறது.

உங்களுக்கு இவை போதாமல் போகலாம். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இரண்டாவது சிப்போடு இணைந்திருக்கலாம். ஒன்று வரைந்த படத்தை இன்னொன்றுக்கு நகலெடுத்து அனுப்புவதிலேயே நேரம் போகும். அதற்கு டிரைவரைப் பார்க்க வேண்டும். பக்கம் நன்றாக நகர்ந்து வீடியோ மட்டும் திணறினால், விபி9 வகை வீடியோவைப் பிரிக்கும் வசதி உங்கள் பழைய சிப்பில் இல்லாமல் இருக்கலாம். அப்போது எச்264 வகையையே கேட்டு வாங்கும் ஆட்-ஆன் உதவும், இல்லாவிட்டால் 720க்கு இறக்கிப் பாருங்கள்.

எங்களுக்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. 11,000 ரூபாய்க்கும் புத்தகம் வாங்கினோம்.

தோழர்களே, இதை வெறும் கணினிக் குறிப்பாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். “இது இவ்வளவுதான், இதுக்கு மேல இழுக்காது” என்ற தீர்ப்பை நாம் எத்தனையோ இடத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். மனிதர்களைப் பற்றிச் சொன்னால் கோபப்படுகிறோம். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னபோது ஆதாரம் கேட்காமல் கடன் வாங்கக் கிளம்பினோம். அதைவிட மோசமானது, சொன்னவள் யார் என்று பார்த்து அந்தக் கேள்வியைத் தள்ளியது. வயதில் சின்னவள், பெண், கணினி படிக்காதவள் என்பதால் எங்கள் காதுக்கு அது எட்டவில்லை. அதே கேள்வி ஓர் அண்ணன் வாயிலிருந்து வந்ததும் எட்டியது. எந்த வழக்கத்தை எதிர்த்து நாம் ஊர் ஊராகப் பேசுகிறோமோ, அதையே எங்கள் படிப்பகத்துக்குள் செய்தோம். அடுத்த வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

“பரவால்லண்ணா” என்றாள். பிறகு, “அந்த நோட்டு என்கிட்டயே இருக்கட்டும்” என்றாள். இப்போது படிப்பகத்தில் எது கெட்டாலும் முதலில் அவளுடைய நோட்டில்தான் எழுதுகிறோம்: எங்கே கெட்டது, எங்கே நன்றாக ஓடுகிறது, கடைசியாக எதை மாற்றினோம். உங்கள் படிப்பகத்திலும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள்.