மூன்று வயர்களின் வழியே

ஒரு கருவி திரையில் எதையும் காட்டவில்லை என்றால் "அது மவுத்தாகிவிட்டது" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தொலைபேசிக்கும் அப்படித்தான், தொலைக்காட்சிக்கும் அப்படித்தான். ஆனால் திரை என்பது ஒரு கருவிக்கு இருக்கும் வாய்களில் ஒன்று மட்டுமே. வேறொரு வாயால் அது பேசிக்கொண்டே இருக்கலாம், கேட்பதற்குத்தான் ஆளிருக்காது. சென்ற ஒக்டோபர் மாதத்தில் எங்கள் கடையின் பின்சுவரில் மாட்டப்பட்டிருந்த ஒரு சின்னக் கணினி எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது.

அக்குறணையைத் தெரிந்தவர்களுக்குப் பிங்கா ஓயாவையும் தெரிந்திருக்கும். ஏ9 வீதியின் இரு புறமும் கடைகள். கடைகளுக்குப் பின்னால் ஓயா. சாதாரண நாட்களில் முழங்கால் அளவுகூட இல்லாமல் கற்களுக்கிடையே ஓடும். மலைப் பக்கம் அடைமழை பிடித்தால் சில மணித்தியாலங்களில் அதே ஓயா வீதிக்கு ஏறிவிடும். வாப்பாவின் புடைவைக் கடையில் கீழ்த்தட்டுத் துணிகள் நனைந்த வருடங்கள் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மறக்காது. நனைந்த துணியைக் காயவைத்துப் பாதி விலைக்கு விற்றாலும் சேற்று வாடை போகாது. வெள்ளம் வந்தது போதாதென்று கடன்காரரும் வருவார்கள்.

அதனால்தான் நானா கட்டாருக்கு வேலைக்குப் போவதற்கு முன்பு அந்தக் கருவியைச் செய்து வைத்தார். ஓயாப் பக்கச் சுவரில் ஓர் அல்ட்ராசோனிக் உணரி. அது கீழே தண்ணீரை நோக்கி ஒலி அலையை அனுப்பும். அலை மோதித் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிடலாம். ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் என்று படிக்கிறோமே, அந்தக் கணக்குத்தான். கணக்கைச் செய்து, தண்ணீர் குறித்த மட்டத்துக்கு ஏறியதும் வாப்பாவின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவது ராஸ்பெரி பை 3 என்ற ஒற்றைப் பலகைக் கணினி.

ராஸ்பெரி பை, பிள்ளைகள் கணினியைத் திறந்து பார்த்துப் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவானது. முதலாவது பலகை 2012இல் விற்பனைக்கு வந்தது. எங்களிடம் இருக்கும் வகை 2016இல் வந்தது. ஒரு வங்கி அட்டையை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. நகத்தளவு மெமரி கார்ட் ஒன்றில்தான் பணிசெயல் முறைமை முழுவதும் இருக்கும்.

அந்தக் கார்ட்டில்தான் பிரச்சினை தொடங்கியது. மூன்று வருடங்களாக இரவு பகலாக எழுதி எழுதி அது தேய்ந்துவிட்டது. கருவி அடிக்கடி இடைநடுவில் நின்றது. நானா சொன்னபடி வாப்பா ஒரு கடையில் கொடுத்து, பழைய கார்ட்டைப் புதிய கார்ட்டுக்கு அப்படியே படியெடுத்து வந்தார். புதியதைப் போட்டதும் கருவி நிற்கவில்லை; தொடங்கவே இல்லை. செய்தி வரவில்லை. எங்கள் வீட்டு டிவி பழையது. அதில் இணைத்துப் பார்க்கவும் வழியில்லை.

பக்கத்துக் கடை மாமா வந்து பார்த்தார். "இது முடிஞ்சி. எறிஞ்சிட்டுப் புதிசொண்டு வாங்குங்க. இல்லாட்டி ஆம்புளப் புள்ள ஒண்டக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. புதிய பலகையின் இன்றைய விலை அவருக்குத் தெரியும். மழைக்காலம் வாசலில் நிற்பதும் தெரியும்.

அன்று இரவு நானாவுடன் கதைத்தேன். அவருக்கு வேலைக்குப் போகும் நேரம். "தங்கச்சி, லைட் என்ன செய்யிது?" என்று கேட்டார். சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது என்றேன். இந்தப் பலகையில் மின் வழங்கல் 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். ஆகவே மின்சாரத்தில் குறையில்லை. பச்சை விளக்கு கொஞ்ச நேரம் ஒழுங்கில்லாமல் மினுங்கிவிட்டு நிற்கிறது என்றேன். அதிலும் ஒரு செய்தி இருந்தது. தொடக்கக் கோப்பு கிடைக்காவிட்டால் பச்சை விளக்கு நான்கு நான்காக மினுங்கும். கேர்னல் கிடைக்காவிட்டால் ஏழு ஏழாக மினுங்கும். இரண்டும் இல்லை என்றால், அது கார்ட்டை வாசித்திருக்கிறது, கொஞ்சத் தூரம் போயிருக்கிறது, பிறகு எங்கேயோ நின்றிருக்கிறது.

"என்ட லாச்சியில சீரியல் வயர் ஈக்கிது. கொன்சோல் போட்டுப் பாருங்க. அது ஒங்களுக்கிட்ட சொல்லும்" என்று சொல்லிவிட்டு நானா போய்விட்டார்.

சீரியல் கொன்சோல் பழைய காலத்து ஏற்பாடு. தந்திக் காலத்தின் வாடை அதில் இன்னும் உண்டு. அதன் வேகத்தை அளக்கும் 'போட்' என்ற அலகு, போடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளரின் பெயரிலிருந்து வந்தது. படமும் இல்லை, வர்ணமும் இல்லை. ஓர் எழுத்தின் பின் ஓர் எழுத்தாக, ஒரே வயரில் வரிசையாக வரும். அதனால்தான் அது சீக்கிரம் பழுதாவதுமில்லை. திரையை இயக்கும் பகுதிகள் விழிக்காத வேளையிலும் இந்த வயரில் கணினி பேசத் தொடங்கிவிடும்.

இணைப்பதற்கு மூன்று வயர் போதும். பலகையில் இரண்டு வரிசையாக 40 ஊசிகள் இருக்கின்றன. அதில் 6ஆவது ஊசி நிலம், 8ஆவது ஊசி பலகை பேசும் வாய், 10ஆவது ஊசி கேட்கும் காது. நிலத்தோடு நிலத்தை இணைக்க வேண்டும். மற்ற இரண்டையும் மாற்றி இணைக்க வேண்டும்: அதன் வாய் என் பக்கத்துக் காதுக்கு, என் வாய் அதன் காதுக்கு. வாயை வாயோடு இணைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைப்பது போலத்தான். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. நான்காவதாக உள்ள சிவப்பு மின் வயரைத் தொடவே கூடாது. இந்த ஊசிகள் 3.3 வோல்ற்றுக்கு மட்டுமே பழகியவை; 5 வோல்ற் போனால் பலகை எரிந்துவிடலாம். அடாப்டரில் இருந்த சின்ன இணைப்பியை 3.3 என்ற பக்கத்தில் மாட்டினேன். கார்ட்டின் கொன்ஃபிக் கோப்பைத் திறந்து, சீரியல் துறையை இயக்கும் ஒற்றை வரியையும் சேர்த்தேன்.

உம்மா வாசலில் நின்று பார்த்தார். "மகள், பரீட்சைக்கு எத்தின மாசம் ஈக்கிது?" என்று மட்டும் கேட்டார். "இதுவும் பாடந்தான் உம்மா" என்றேன். அது சாட்டு அல்ல. தரவுத் தொடர்பாடல் என்ற அலகை நான் கொப்பியில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். அது உயிரோடு வருவதை அன்றுதான் பார்க்கப் போகிறேன்.

தங்கச்சி பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் காட்டுவதற்காக முதலில் வேகத்தை 9600 என்று வைத்தேன். பலகைக்கு மின் கொடுத்ததும் மடிக்கணினியில் கேள்விக்குறிகளும் உடைந்த கட்டங்களுமாகக் கொட்டின. "தாத்தா, இது பைத்தியம் புடிச்சிட்டு" என்றாள். பைத்தியம் இல்லை, அது செக்கனுக்கு 1,15,200 பிட் வேகத்தில் பேசுகிறது, நாம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தில் கேட்கிறோம். வேகத்தைச் சரியாக வைத்து மீண்டும் தொடங்கினேன். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தரவு பிட் எட்டு, முடிவு பிட் ஒன்று என மொத்தம் பத்து. அப்படியானால் செக்கனுக்கு 11,520 எழுத்துக்கள். கறுப்புத் திரையில் வரிகள் மழை போல இறங்கின. எல்லாரும் மவுத்தானதாக நினைத்த கருவி அது.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது எத்தனையாவது செக்கனில் சொல்லப்பட்டது என்ற எண் இருந்தது. நினைவகத்தைக் கண்டேன், நான்கு கருக்களையும் எழுப்பினேன், யூஎஸ்பியைக் கண்டேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு வரி: 'வெயிட்டிங் ஃபோர் ரூட் டிவைஸ்'. அதாவது, எனது மூலப் பகுதிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்திலேயே அது தேடும் பகுதியின் அடையாள எண். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள்: மெமரி கார்ட்டைக் கண்டேன், அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஐந்து நிமிடம் பார்த்திருந்தோம். புதிதாக ஓர் எழுத்தும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது. கார்ட் பழுதென்றால் கார்ட்டைக் கண்டேன் என்று சொல்லியிராது. பகுதிகள் அழிந்திருந்தால் இரண்டு பகுதிகள் என்று எண்ணியிராது. தேடுவது எதிரிலேயே இருக்கிறது, ஆனாலும் காத்திருக்கிறது. அப்படியென்றால் அது தேடும் பெயர் வேறு, வந்து நிற்பவரின் பெயர் வேறு.

நானாவின் பழைய மடிக்கணினியில் உபுண்டு இருந்தது. கார்ட்டை அதில் செருகி, பகுதிகளின் அடையாள எண்களைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். எட்டு எழுத்தும் இலக்கமும், பிறகு ஒரு கோடு, பிறகு 02. கொன்சோலில் வந்த எண்ணோடு ஒப்பிட்டேன். கடைசி 02 மட்டும்தான் ஒன்று. முன்னால் இருந்த எட்டும் வேறு. விடயம் விளங்கியது. ஒரே அடையாள எண்ணோடு இரண்டு கார்ட் இருக்கக் கூடாது என்பதற்காகப் படியெடுக்கும் மென்பொருள்கள் சில புதியதற்கு வேறு எண் கொடுத்துவிடும். உள்ளே இருந்த எல்லாம் அப்படியே வந்தன. பெயர் மட்டும் மாறிவிட்டது. தொடக்கக் கட்டளைக் கோப்போ பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது. அதே வரியில் 'ரூட்வெயிட்' என்றொரு சொல்லும் இருந்தது. மூலப் பகுதி வரும்வரை காத்திரு என்பது அதன் கருத்து. எவ்வளவு நேரம் என்று அதில் எல்லை இல்லை. நாங்கள் மின்சாரத்தை நிறுத்தியிராவிட்டால் அது மழைக்காலம் முழுவதும் காத்திருந்திருக்கும்.

அந்தக் கோப்பில் எல்லாமே ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் உடைத்தால் வேலை செய்யாது. பிஸ்மி சொல்லிப் புதிய எண்ணை எழுதிச் சேமித்தேன். மீண்டும் மூன்று வயர், மீண்டும் மின்சாரம். இந்த முறை நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது. தங்கச்சி கை தட்டினாள். பிறகு மறுபடியும் நின்றது. ஒரு பகுதிக்காக 1 நிமிடம் 30 செக்கன் வரை பார்ப்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தது. நேரம் முடிந்ததும் அவசர நிலைக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது பயம் வரவில்லை. அது யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை மறைக்கவில்லையே! அதே பழைய எண்தான். எந்தப் பகுதியை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் என்ற கோப்பிலும் அது இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. வீடு மாறியவர்கள் வங்கியிலும் முகவரி மாற்ற வேண்டும், பாடசாலையிலும் மாற்ற வேண்டும் அல்லவா? கார்ட்டைக் கழற்றி அந்த இரண்டு வரிகளையும் திருத்தினேன்.

மூன்றாவது முறை நிற்கவில்லை. கடைசி வரியில் பெயரைக் கேட்டு ஒரு சின்னக் கட்டம் மினுங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் நானாவின் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அஸருக்குப் பிறகு வாப்பாவும் நானும் அதைச் சுவரில் மாட்டினோம். முதல் செய்தி வந்ததும் வாப்பா தொலைபேசியைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி இரண்டு முறை வாசித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு பக்கத்துக் கடைப் பக்கம் பார்த்து, "என்ட மகள்தான் செஞ்சது" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்.

நவம்பரில் ஓர் இரவு ஒன்றே முக்கால் மணியளவில் அந்தத் தொலைபேசி மூன்று முறை அதிர்ந்தது. வாப்பாவும் சாச்சாவும் மழைக்குள் போய்க் கீழ்த்தட்டுத் துணிகளை மேலே ஏற்றினார்கள். பக்கத்துக் கடை மாமாவையும் எழுப்பினார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு உள்ளே வந்து சுபஹுக்கு முன் வடிந்தது. நனைந்தது தரை மட்டும்தான். மாமா இப்போது தன் கடைக்கும் ஒன்று செய்து தரச் சொல்கிறார். ஆம்புளப் புள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நானா திரும்பி வர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், நானும் வீட்டில் இருக்க மாட்டேன். ஆகவே செய்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டினோம்: எந்த ஊசிக்கு எந்த வயர், எந்த வேகம், எந்தக் கோப்பில் எந்த எண். நான் சொல்லச் சொல்லத் தங்கச்சிதான் எழுதினாள். கடைசி வரியை மட்டும் அவளே சேர்த்திருக்கிறாள்:

"பேசல்லண்டு எறிஞ்சிடாதீங்க. வயரைப் போட்டுக் கேளுங்க."