குறி தப்பியது என்று சொன்னேன்

சின்ன மான் ஒன்றை வீழ்த்தத் தோட்டாவில் எவ்வளவு வெடிமருந்து போதும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் பல வருடங்கள் அதற்கு மேல்தான் கெட்டித்தேன். அதனால் ஒரு பெட்டை மான் வயிற்றில் குண்டு பாய்ந்து ஓடியது. அதைப் பற்றிப் பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யைத் திரும்பப் பெறத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்தில். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். இங்கே நிலைமை வேறு. ஓநாய்கள் அற்றுப்போயின. மான் குட்டிகளைப் புண்ணிலேயே தின்று தீர்த்த ஸ்க்ரூவோர்ம் ஈப்புழுவை 1960களில் தொடங்கி ஒழித்துக்கட்டினார்கள். அதன்பின் வெள்ளைவால் மான்கள் பெருகி, இன்று மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. நான் வேட்டைக்குப் போகும் லானோ வட்டாரத்தில் கூட்டம் அதிகம், மேய்ச்சல் குறைவு. அதனால் உடம்பும் சிறுத்துவிட்டது. குடலெடுத்த பெட்டை மானைத் தூக்கித் தராசில் மாட்டினால் முள் முப்பது கிலோவை ஒட்டித்தான் நிற்கும்.

இந்த மான்களைச் சுடும் தோட்டாக்களை நானே கெட்டிக்கிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப் பொருத்தி, மருந்தை நிறுத்துக் கொட்டி, வாயில் குண்டை உட்காரவைப்பதுதான் தோட்டா கெட்டிக்கும் வேலை. நிறுப்பதெல்லாம் கிரெயின் கணக்கில். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். கடையில் வாங்கும் தோட்டாவில் என்ன வேகம் வரும் என்பதைக் கம்பெனி முடிவுசெய்கிறது. கையால் கெட்டிக்கும்போது அந்த முடிவு முழுக்க நம்முடையது. ஆகவே நான் செய்ததற்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

அப்போது என் துப்பாக்கி 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம். 1962இல் வந்த இந்தத் தோட்டா, மேற்கு மலைகளில் முந்நூறு கிலோ எல்க் மானைத் தொலைவிலிருந்து வீழ்த்துவதற்குப் பேர்போனது. நான் சுட்டதோ தீவனம் தூவிய இடத்தருகே, நூறு கெஜத்துக்குள் வந்து நிற்கும் சின்ன மான்களை. அதற்கும் கையேட்டில் அச்சிட்டிருந்த உச்ச அளவையே எடுத்துக்கொண்டேன். சுடுதளத்தில் வேகம் அளக்கும் கருவி நொடிக்கு 3,150 அடி என்று காட்டும்போது பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. மானுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த வேகம் கறியை என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் தோலுரிக்கும்போது கண்ணால் பார்த்தேன். குண்டின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மெல்லிய செம்பு உறை போட்ட ஈயக் குண்டு அந்த வேகத்தில் கிட்டத்திலேயே தோளெலும்பில் மோதினால் சிதறிவிடும். தோலை இழுத்தால் இரண்டு சப்பையும் கறுத்துக் கூழாகியிருக்கும். தசைக்கு நடுவே ரத்தம் பாகுபோல உறைந்து, விரல் வைத்தால் வழுக்கும். எலும்புத் துணுக்குகள் விலா வரைக்கும் போயிருக்கும். அதையெல்லாம் வெட்டி எறிவேன். கறி வாங்கிப்போகும் நம் ஊர்க் குடும்பங்கள் சப்பையைக் கேட்டால், இந்த மானுக்கு அவ்வளவுதான் தேறும் என்பேன்.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. சிதறிய ஈயம் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் குண்டு போன பாதையைத் தாண்டியும் பரவுகிறது. 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்காக நன்கொடையாக வந்த மான்கறிப் பொட்டலங்களை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்து, உள்ளே ஈயத் துகள்கள் இருந்ததால் அவற்றை வழங்காமல் நிறுத்தினார்கள். அதைப் படித்த பிறகும், அந்த வேட்டைப் பருவம் முழுக்கக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குக் கொத்துக்கறி கொடுத்தேன். இப்போது அந்த வீடுகளுக்குத் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டேன். சிலர் என்னிடம் கறி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான்.

ஜிம் கார்பெட்டைத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கி .275, அதாவது 1892இலிருந்து புழங்கும் 7க்கு 57 மௌசர் தோட்டா. நான் மானுக்குச் செலவழித்ததைவிடக் குறைவான மருந்து பிடிக்கும் தோட்டா அது. அந்த எளிய துப்பாக்கியை அவர் எவ்வளவு நம்பினார் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அவருக்கு அருகே போகும் பொறுமை இருந்தது. எனக்கு அது இல்லாததால் மருந்தைக் கூட்டினேன்.

மேக்னம் உதைக்கும். பெஞ்சில் உட்கார்ந்து தொடர்ந்து சுடச்சுட உடம்பு அந்த உதையை எதிர்பார்க்கப் பழகிவிடும். சுடுதளத்துக்கு என்னோடு வரும் மதுரைக்கார அண்ணன் ஒருவர், எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் சேர்த்துப் போட்டார். விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை, ஊசி தட்டும் சத்தம் மட்டும் வந்தது. ஆனால் துப்பாக்கியின் முனை கீழே குத்தியது. தோள் முன்னால் பாய்ந்தது. "வெடிக்கவே இல்ல தம்பி, நீ ஏன் கண்ண மூடுன?" என்று கேட்டார். மருந்தைக் குறை, இல்லாவிட்டால் சின்னத் துப்பாக்கியை எடு என்றும் சொன்னார். சரிண்ணே என்றேன். அது அக்டோபர். நவம்பர் முதல் சனிக்கிழமை பருவம் தொடங்கியபோது அதே உச்ச அளவுத் தோட்டாக்களையே பையில் போட்டுக்கொண்டு போனேன். என்னுடைய குற்றம் இதுதான். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்த வெற்றுத் தோட்டா இடம் வைக்கவில்லை.

பொழுது சாயும் நேரம். பெட்டை மான் எனக்குப் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைத்தேன். விசையை இழுத்தபோது மீண்டும் கண் மூடியது. மான் முதுகைக் கூனிக்கொண்டு, ஓடாமல், தடுமாறி நடந்தது. அப்படிக் கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கிரானைட் பாறையில் கொஞ்சம் ரத்தமும், அதோடு பச்சையாக இரைப்பைச் சாறும் கிடந்தன. அப்படிப் பட்ட மான் உடனே சாகாது. மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சில மணி நேரம் காத்திருந்து பிறகு தேட வேண்டும். காயம்பட்ட மானைத் தேட நாயைப் பயன்படுத்த அந்த வட்டாரத்தில் சட்டமும் இடம் தருகிறது. நான் வேட்டையாடும் நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் சொல்லியிருந்தால் நாய்க்கு ஏற்பாடு செய்திருப்பார். நிலத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் நுழைய அண்டைக்காரரிடம் அனுமதியும் கேட்டிருப்பார்.

நான் வேலி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வெடிச்சத்தம் கேட்டதே, என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். குறி தப்பியது என்றேன். என் தோட்டாவின் வேகத்தைப் பற்றி அவரிடம் பலமுறை பீற்றியிருந்தேன். வயிற்றில் சுட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மான் எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த பருவத்துக்கு முன்னால் அவரிடம் உண்மையைச் சொன்னேன். மனிதர் கொதித்துப்போனார். மோசமாகச் சுட்டதைக்கூட விட்டுவிடலாம், தேட விடாமல் செய்தாயே என்றார். என்னைத் துரத்தவில்லை. ஆனால் அவர் கண்ணெதிரே, உட்கார்ந்த நிலையில், காகிதத் தட்டில் சுட்டுக் காட்டிய பிறகுதான் நிலத்துக்குள் விடுவேன் என்று நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனை இன்றும் நடப்பில் இருக்கிறது.

இப்போது நான் எடுத்துப்போவது .308 வின்செஸ்டர். ஹாஜ்டன் கம்பெனியின் எச்4895 மருந்துக்கு அவர்களே கொடுத்திருக்கும் வழிமுறை ஒன்று உண்டு: அந்த மருந்துக்குக் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம். இது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. மெதுவாக எரியும் மருந்தைக் கண்டபடி குறைத்தால் அழுத்தம் தாறுமாறாகி, துப்பாக்கியே வெடிக்கும் ஆபத்து உண்டு. நான் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. 150 கிரெயின் குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 2,400 அடி. 1895இல் வந்த .30-30 வின்செஸ்டரின் வேகமும் கிட்டத்தட்ட இதுதான். தலைமுறை தலைமுறையாக அதைக் கொண்டே இந்த நாட்டில் மான் சுட்டிருக்கிறார்கள். குண்டையும் அதற்கேற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிவேகத்துக்கென்று செய்த கெட்டியான குண்டு இந்த வேகத்தில் விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடலாம். 1,800 அடியிலும் விரியும் என்று செய்தவர்களே சொல்லும் மென்முனைக் குண்டைத்தான் வாங்குகிறேன். 150 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடுவதில்லை. உதை பாதியாகக் குறைந்துவிட்டது, கண் திறந்தே இருக்கிறது. சப்பைக்கறி முழுசாக வீட்டுக்கு வருகிறது.

அலமாரியில் உச்ச அளவுத் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நவம்பருக்கு முன்னால் கூடப் பழகியவர் ஒருவரைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லிச் சுட்டுப் பாருங்கள். முனை தாழ்ந்தால் அந்தத் தோட்டாக்களைப் பிரித்துவிடுங்கள். கையேட்டைப் பார்த்து மருந்தைக் குறைத்துக் கெட்டியுங்கள். அப்படியும் ஒரு மான் அடிபட்டு ஓடிவிட்டால், அன்றைக்கே நிலத்துக்காரரிடம் நடந்ததைச் சொல்லி நாயை வரவழையுங்கள்.