ரோடா, வண்டியா, மருந்தா? ஜவ்வாது மலையில் ஒரு பட்டிமன்றம்

ஊட்டி, கொடைக்கானல் என்று போய்ப் போய் அலுத்தவர்களுக்கும், பர்ஸில் மாசக் கடைசி நடக்கிறவர்களுக்கும் கடவுள் பார்த்துக் கொடுத்த மலை ஜவ்வாது மலை. சென்னையில் சனிக்கிழமை விடிகாலை வண்டியைக் கிளப்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜமுனாமரத்தூர் போய்விடலாம். போளூர் பக்கமிருந்து ஏறலாம். ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறலாம். வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி வழி இருக்கிறது.

பெயரைக் கேட்டுவிட்டு மலை முழுக்க ஜவ்வாது மணக்கும் என்று மூக்கை விரித்துக்கொண்டு போகாதீர்கள். மணக்க வேண்டிய சந்தன மரங்களில் நிறைய, எப்போதோ ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கிவிட்டன. ஆனால் சாமை உண்டு, தேன் உண்டு, புளி உண்டு. பீமன் அருவி உண்டு. கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். கூட்டம் கம்மி. 'செல்ஃபி எடுத்துக்கலாமா சார்' என்று யாரும் தோளில் இடிப்பதில்லை.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். உடனே புட்டு, கடலைக்கறி என்று ஆரம்பிக்காதீர்கள். இவர்கள் கேரளா இல்லை. மலையாளி என்ற பழங்குடி மக்கள். எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. ஊர்ப் பெயர்களே கம்பீரமாக இருக்கும். புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு. ஒரு மலைக்குள் இத்தனை நாடு! போதாக்குறைக்கு மலையை மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன: திருவண்ணாமலை, வேலூர், 2019-ல் புதிதாகப் பிறந்த திருப்பத்தூர்.

காவலூரை எட்டிப் பார்க்காமல் வரக் கூடாது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. வைணு பாப்பு பெயரில் உள்ள வான் ஆய்வுக்கூடம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதற்கு வளையம் இருக்கிறது என்று உலகம் கண்டுபிடித்ததே, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அதாவது, இந்த மலையிலிருந்து யுரேனஸ் நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிதான் தூரத்தில் இருக்கிறது!

இது ஜோக் இல்லை. ஜமுனாமரத்தூர் பக்கம் டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. அரசியல், சினிமா எல்லாம் ஊறுகாய்தான். சோறு இதுதான்: அவசரத்துக்கு என்ன செய்வது? அரசாங்கம் பணம் கொடுத்தால் எதை வாங்குவது? மேடையும் நடுவரும் இல்லாத பட்டிமன்றம். மூன்று அணி.

முதல் அணி, ரோடு கட்சி.

"இன்னா வண்டி வாங்கி இன்னாப்பா பிரயோஜனம்? வண்டி வர்றதுக்கு வழி வாணாவா?" என்று ஒரு பெரியவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார். அவர் சொன்ன உதாரணம் நாடே பேப்பரில் படித்த உதாரணம். 2023 மே மாதம். வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை. இதே மலைத்தொடர்தான். ஒன்றரை வயசுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. ஒழுங்கான ரோடு இல்லை. கீழே கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பி வரும்போதும் ஆம்புலன்ஸ் பாதியோடு நின்றது. மீதித் தூரத்தை, பெற்றவள் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். ஆம்புலன்ஸ் இருந்தது, டிரைவர் இருந்தார், டீசல் இருந்தது. வழிதான் இல்லை.

'போட வேண்டியதுதானே ரோட்டை' என்று நாம் ஈஸியாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் காடு. வனத்துறை அனுமதி வேண்டும். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஒரு ஃபைல் மேஜைக்கு மேஜை நகர்கிற வேகம் நமக்குத் தெரியும். ஆனால் சட்டத்திலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், 3(2)-ம் பிரிவு. காட்டில் வாழும் மக்களுக்காக ரோடு, மருத்துவமனை, ஸ்கூல், குடிநீர் என்று 13 வகை வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் எடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை சிபாரிசு செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில் போட்டால் மூன்றேகால் கிலோமீட்டர் ரோடு. பெரிய ஹைவே இல்லைதான். ஆனால் ஒரு குக்கிராமத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருப்பது பல இடங்களில் அவ்வளவுதான்.

ரோடு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எதிர் பெஞ்சில் இருந்த இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, ரோடு இருந்த எடத்துலதானே அந்த வேன் கவுந்துச்சு?" என்றார். பெரியவரிடம் பதில் இல்லை. 2022 ஏப்ரல் 2. திருப்பத்தூர்ப் பக்கம் புலியூரிலிருந்து செம்பரை கோயிலுக்கு வேனில் போனவர்கள் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்துபோனார்கள். மலைக்கு மேலே ஒழுங்கான பஸ் வசதி இல்லாத இடத்தில் ஜனங்கள் எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொள்கிறார்கள். அது நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். ஷேர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கு கிடையாது, அதுதான் வித்தியாசம்.

அந்த இளைஞர் இரண்டாவது அணி. வண்டி கட்சி.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. அதற்கு முன்னால் மலையில் ஆம்புலன்ஸ் என்றால் இரண்டு மூங்கில், ஒரு போர்வை, நாலு தோள். டோலி. இன்னமும் சில இடங்களில் அதுதான். பெரிய வண்டி ஏற முடியாத பாதைக்காகத் தமிழக அரசு 2025-ல் பழங்குடி மக்கள் வாழும் மலைப்பகுதிகளுக்கு 25 பைக் ஆம்புலன்ஸ் கொடுத்தது. அதற்கு அறிவித்த தொகை 1 கோடியே 60 லட்சம் ரூபாய். வகுத்தால் ஒரு பைக்குக்கு 6 லட்சத்து 40 ஆயிரம். ஒற்றையடிப் பாதையில் புகுந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, பெரிய ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் வரை கொண்டுவந்து சேர்ப்பதுதான் இதன் வேலை. நாலு தோளுக்குப் பதிலாக ஒரு இன்ஜின்.

"ரோடு வர்ற வரைக்கும் புள்ளத்தாச்சி வலியப் பொறுத்துக்கிட்டு இருப்பாளா?" என்று கேட்டார் அந்த இளைஞர். இதற்கு எந்த அணியிலும் பதில் கிடையாது.

மூன்றாவது அணி கொஞ்சம் மெதுவாகப் பேசும் அணி. மருந்து கட்சி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முன்வரிசையில் சேர்த்தது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்துக்குப் பெரும் பங்கு நம்ம செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்துதான் போகிறது. 1978-ல் ஆரம்பித்த சங்கம். நாட்டுக்கே விஷம் சப்ளை செய்கிற மாநிலத்தில், மருந்து மட்டும் மலையடிவாரத்தில் காத்துக்கொண்டிருந்தால் எப்படி?

இந்த மருந்தில் ஒரு சௌகரியம் உண்டு. தூள் வடிவத்தில் கிடைக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாமலே வைக்கலாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் பத்துக் குப்பி வாங்கி பீரோவில் பூட்டினால் வேலை முடிந்ததா? இல்லை. சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் உடம்பு ஆடிப்போகும். அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசி கையில் இருக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் மூச்சு விடுகிற தசையே வேலை செய்யாமல் போகலாம். அப்போது கையால் அமுக்கிக் காற்று கொடுக்கிற ரப்பர் பை ஒன்று போதும், பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிற வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். கோடி ரூபாய் சமாசாரம் இல்லை அது. அதை அமுக்கத் தெரிந்த ஒரு கை வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் காலேஜ் பையன் ஒருவன், "ட்ரோன்ல அனுப்பிடலாமேண்ணே!" என்றான். சிரிக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 2016-லிருந்து மலைகளுக்கு மேலே ட்ரோனில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கேயும் ட்ரோன் போடுகிற பெட்டியைப் பிரித்து ஊசி போட ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார். ட்ரோனே ஊசி போட்டுவிட்டுப் போவதில்லை.

சரி, தீர்ப்பு? டீக்கடைப் பட்டிமன்றத்தில் தீர்ப்பு சொல்கிற வழக்கம் கிடையாது. பஸ் வந்தால் கலைந்துவிடுவார்கள். ஆனால் மூன்று அணியும் அடித்துக்கொண்டதை ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்ட எனக்கு ஒன்று பட்டது. ரோடு, வண்டி, மருந்து மூன்றுமே நியாயம். மூன்றிலும் சண்டை வாங்குவதைப் பற்றியே நடக்கிறது. வாங்கின மறுநாளைப் பற்றி யாரும் பேசவில்லை.

எந்தச் சாதனமும் வாங்குவது ஒரு நாள் செலவு. ரிப்பன், பூமாலை, போட்டோ. வைத்துக்கொள்வது தினச் செலவு. மலையில் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் சீக்கிரம் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வண்டியை எடுக்கும் டிரைவருக்குச் சம்பளம் மாசாமாசம் வேண்டும். மருந்துக்கு எக்ஸ்பைரி தேதி உண்டு, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண் ரோடு ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. முக்கியமாக, 108-ஐக் கூப்பிட செல்போனில் டவர் கிடைக்க வேண்டும். பல குக்கிராமங்களில் டவருக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிறார்கள். பாம்பு கடித்தவன் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்கிறது மருத்துவம். கூப்பிடுகிறவன் பாறை ஏற வேண்டும் என்கிறது நெட்வொர்க்!

கிராம சபையில் கையைத் தூக்கி 'இன்ன வண்டி வேணும்' என்று கேட்பது சுலபம். 'ராத்திரி யார் ஓட்டுவாங்க, லீவு போட்டா பதிலுக்கு யாரு, ரிப்பேர் காசு எந்தக் கணக்குல வருது' என்று கேட்பதுதான் கஷ்டம். கேட்டால் மேடையில் இருப்பவர்கள் முகம் மாறும். இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதி வாங்கிய ஊரில், ஆறு லட்ச ரூபாய் பைக் ஆறு வருஷம் ஓடும். எழுதி வாங்காத ஊரில் அதன் சீட்டில் கோழி முட்டை வைக்கும்.

'இது அவங்க ஊர்ப் பிரச்னை, நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். லீவு நாளில் இந்த மலையில் சர்ரென்று பைக்கில் ஏறுகிறவர்கள் யார்? நாம்தான். கொண்டை ஊசி வளைவில் ஜல்லியில் சறுக்கி விழுந்தால் நமக்கும் அதே 108, அதே டிரைவர், அதே ரப்பர் பைதான். ஆபீஸ் இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டினால் மலை இறங்கி வந்து ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் வைக்காது.

அதனால் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஹெல்மெட் தலையில் இருக்கட்டும், பெட்ரோல் டேங்க் மேல் வேண்டாம். இருட்டினதும் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கத்தியால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் சினிமாவோடு சரி. எலும்பு முறிந்த மாதிரி கட்டை வைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி போக வேண்டும். ஏறும்போதே எந்தெந்த வளைவில் டவர் கிடைக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே ஜமுனாமரத்தூரில் ஒரு டீ குடியுங்கள். பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். சாமையும் தேனும் வாங்க மறக்காதீர்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். நாலு பேர் ஒரு உயிரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த பாதையில்தான் அந்தத் தேனும் இறங்கி வந்திருக்கிறது.