எந்தக் குமிழை வாங்குவது?

அந்தியில் விளக்கு வைக்காத வீட்டில் திருமகள் தங்காள் என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை. இன்று விளக்கேற்றுவது எளிது. தக்க விளக்கைத் தேர்வதே அரிது.

களுபோவிலையிலே கடைக்குக் கடை எல். ஈ. டி. குமிழ்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்குவோர் 'எத்தனை உவாற்று?' என்று மட்டுமே வினவுகின்றனர். உவாற்று என்பது குமிழ் உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. ஒளியின் அளவு லூமன். பழைய 60 உவாற்று இழைக் குமிழ் தந்த ஏறத்தாழ 800 லூமன் ஒளியை இன்று 9 உவாற்றுக் குமிழே தந்துவிடுகிறது. நாடோறும் 5 மணி நேரம் எரியுமாயின் மாதம் ஏழரை அலகுக்கு மேல் மிச்சமாகும்.

சிக்கனம் நன்றே, ஆயினும் கண்ணை வருத்திக் காசு சேர்ப்பது சிக்கனமாகாது. முதிய கண்களுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். எழுத்துத் தெரியவில்லையென்று நூலை மூடிவைத்த நம் அன்னையார், நாற்காலியருகே 800 லூமன் குமிழொன்றை மூடாக்கிட்டு அமைத்தபின் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

நிறத்தையும் நோக்குதல் வேண்டும். 2,700 கெல்வின் மஞ்சளொளி; படுக்கையறைக்கு உகந்தது. 6,500 கெல்வின் நீலஞ்சார்ந்த வெண்மை. இரவு நெடுநேரம் அதன்கீழிருப்பின் உறக்கம் தள்ளிப்போகும். படிக்கும் மேசைக்கு 4,000 நடுநிலையானது. நிறங்காட்டும் எண் 80க்குக் குறையாதிருத்தல் நன்று. முற்றும் மூடிய கண்ணாடிக் கூட்டினுள் வெப்பம் தங்கிக் குமிழின் ஆயுள் குறையும்.

மாணவர்களே, அடுத்தமுறை கடைக்குச் செல்லும் தந்தையாருடன் நீங்களும் செல்லுங்கள். விலையைக் கேட்குமுன் பெட்டியிலுள்ள எண்களை வாசித்துக் காட்டுங்கள்.