பழைய வண்டி, புதிய விசை

எங்கள் கோவிலம்பாக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ஆயினும் இவ்வூர் மக்களில் பலருடைய வாழ்வு மின்சார ரயிலோடு பிணைந்தே இருக்கிறது. வேலைக்குச் செல்வோரும் கல்லூரிக்குச் செல்வோரும் பேருந்து ஏறி, பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ பரங்கிமலைக்கோ சென்று, அங்கிருந்து வண்டி பிடிக்கின்றனர். அந்த வண்டியின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நம் ஆன்ம வாழ்வுக்கும் நன்மை பயக்கும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில். அன்று தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதனை நடத்தியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதைகளுள் முதலில் மின்மயமானது இதுவே. மேலே கட்டிய கம்பியில் அன்று பாய்ந்தது 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1967-ஆம் ஆண்டில் அதனை நீக்கி 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். அழுத்தம் உயர்ந்தால், அதே ஆற்றலைக் குறைந்த மின்னோட்டத்தால் கொண்டுசெல்லலாம். கம்பியும் மெலிதாக இருக்கலாம். வழிநெடுகத் துணை மின்நிலையங்களை நெருக்கமாக அமைக்க வேண்டியதில்லை. பின்னர் 2004-இல் மீட்டர் கேஜ் வண்டி ஓய்வு பெற, அகலப் பாதை வண்டிகளே அத்தடம் முழுவதும் ஓடலாயின. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான குளிர்சாதன மின்சார ரயிலும் அத்தடத்துக்கு வந்து சேர்ந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படும் மாற்றங்கள். கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் ஒன்று உண்டு. அது வண்டியின் அடியில், சக்கரங்களுக்கு இடையே இருக்கும் மோட்டாரில் நிகழ்ந்தது.

1967-இல் கம்பியில் வந்த மின்சாரம் மாறியது. ஆனால் சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரின் இனம் மாறவில்லை. மாறுமின்சாரத்தை வண்டிக்குள்ளேயே மின்மாற்றியால் தணித்து, மீண்டும் நேர்மின்சாரமாக்கி, பழைய இனத்து மோட்டாருக்கே ஊட்டினர். அந்த மோட்டாரில் சுழலும் செப்புப் பட்டைகளின்மீது கார்பன் பிரஷ்கள் ஓயாது உராய்ந்துகொண்டிருக்கும். உராய்வதால் தேயும், தேய்ந்தால் தூசி படியும், நாள் கணக்கு வைத்துப் பார்த்து அவற்றை மாற்ற வேண்டும். மேலே புதிய மின்சாரம், கீழே பழைய தேய்மானம். இந்நிலை பல்லாண்டுகள் நீடித்தது. மும்முனை மின்சாரத்தால் சுழலும் மோட்டார்கள் வந்த பின்னரே அந்த உராய்வு ஒழிந்தது. அவற்றுக்குப் பிரஷ்களும் இல்லை, செப்புப் பட்டைகளும் இல்லை.

இதனை அறிந்தபோது எனக்கு நம் திருச்சபையின் நினைவே வந்தது. மின்சாரம் மாறிய அதே பத்தாண்டில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1962-இல் தொடங்கி 1965-இல் முடிந்த அச்சங்கத்தின் பயனாக, இலத்தீனில் கேட்ட திருப்பலியைத் தமிழில் கேட்கும் பேறு நமக்குக் கிடைத்தது. குருவானவர் மக்களை நோக்கி நின்றார். எத்துணை பெரிய மாற்றம்! ஆனால் உள்ளே இருக்கும் மோட்டார் மாறியதா? ஒரே பலிபீடத்தில் ஒரே அப்பத்தை உண்டு எழுந்த நாம், பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேசும்போது முதலில் எதனை விசாரிக்கிறோம்? சாதியை அன்றோ? விண்ணிலிருந்து வரும் விசை புதியது. அதனை நாமோ பழைய வகையாக மாற்றி, பழைய உள்ளத்துக்கே ஊட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவேதான் ஓயாத உராய்வு, ஓயாத தேய்மானம்.

புதிய மோட்டாருக்கு மற்றொரு பண்பும் உண்டு. பழைய வண்டியை நிறுத்தும்போது அதன் வேகமெல்லாம் தடைக்கட்டையின் சூடாகி வீணாயிற்று. புதிய வண்டியில், வேகத்தைத் தணிக்கும் வேளையில் மோட்டாரே மின்சாரத்தைப் பிறப்பிக்கும் இயந்திரமாகி, அதனை மேலே உள்ள கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. எங்கோ புறப்படும் வேறொரு வண்டி அதனை எடுத்துக்கொள்கிறது. இவ்வகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மீள்வதாக ரயில்வேயினர் கூறுவர். ஓடும்போது பெறுவதும், நிற்கும்போது தருவதும் எத்துணை அழகிய அறம்! ஓய்வு பெற்ற பெரியோர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேகம் தணியும் காலம் வெறும் சூடாகிச் சினமாய்ப் போவதும், பேரப்பிள்ளைகளுக்கு விசையாய்ப் போவதும் உள்ளிருக்கும் மோட்டாரைப் பொறுத்தது.

‘பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கலாமே, பழையதைப் புதுப்பிப்பது ஆகிற காரியமா?’ என்று சிலர் கேட்கலாம். வாரணாசியிலுள்ள ரயில் எஞ்சின் தொழிற்சாலையார் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் பழைய டீசல் எஞ்சின்களை எடுத்து மின்சார எஞ்சின்களாக மாற்றத் தொடங்கினர். 69 நாள்களில் வேலை முடிந்தது. 2600 குதிரைத்திறன் கொண்டிருந்த எஞ்சின் 5000 குதிரைத்திறன் பெற்று வெளிவந்தது. பழைய இரும்புக்கு உடைக்கும் உலை ஒன்றே கதி என்பதில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அன்பருக்கு இதனை நான் எடுத்துரைக்க நேர்ந்தது. ஐம்பதைக் கடந்தவர். லேத்து இயந்திரத்தில் கடைசல் வேலை செய்து முப்பதாண்டு கண்டவர். அவர் இருந்த தொழிற்சாலையில் கணினியால் இயங்கும் இயந்திரங்கள் வந்தன. அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் முடங்கினார். பூசைக்கு வருவதையும் நிறுத்தினார். மாலையில் எங்கே போகிறார் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் மனைவி வந்து அழுத பின் நான் அவர் இல்லம் சென்றேன்.

“அந்தப் புது மிஷினைக் கத்துக்கோன்னு பொண்ணு சொல்றா சாமி. இந்த வயசுல போய் உக்காந்தா சின்னப் பசங்க சிரிப்பாங்க” என்றார் அவர்.

அவருக்கு நான் வேதம் ஓதவில்லை. அவர் நாள்தோறும் ஏறிய ரயிலைப் பற்றியே பேசினேன். மின்சார ரயிலில் சில வேளை விளக்கும் விசிறியும் திடீரென அணைந்து, சிறிது நேரத்தில் தாமே மீள்வதை நாம் கண்டிருக்கிறோம். மேலே உள்ள கம்பியில் ஒரு மின்நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்த மின்நிலையத்தின் பகுதி தொடங்கும் இடத்தில், இரண்டும் ஒன்றோடொன்று தொடாதிருக்கும்பொருட்டுச் சிறிது தூரம் மின்சாரமற்ற கம்பியை அமைத்திருப்பார்கள். அவ்விடத்தை வண்டி தன் பழைய வேகத்தாலேயே கடக்க வேண்டும். ஓட்டுநர் அங்கே நிறுத்த மாட்டார்; நிறுத்தினால் மீண்டும் எடுக்க விசை இராது.

“நீர் இப்போது அந்தக் கம்பியின் கீழ் இருக்கிறீர். முப்பதாண்டு உழைத்த வேகம் உம்மிடம் இருக்கிறது. இங்கே நின்றுவிடாதீர்” என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்ததாக அவருடைய மனைவி சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், இரவில் தன் பாடத்தை ஒதுக்கி வைத்துத் தந்தைக்கு ஆங்கில எழுத்தும் கணினிக் குறியும் சொல்லிக் கொடுத்தாள். இன்று அவர் ஒரு சிறு பட்டறையில் இருக்கிறார். முன்பு வாங்கிய சம்பளம் இல்லை, கடனும் தீர்ந்தபாடில்லை. ஆனால் இயந்திரத்தின் ஒலி சற்றே பிசகினாலும், உளி மழுங்கிவிட்டதென்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் செவி அவருடையது. சிரிப்பார்கள் என்று அவர் அஞ்சிய இளைஞர்கள், “அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க” என்று அழைக்கிறார்களாம். ஞாயிறு பூசையில் அவரைக் காண்கிறேன்.

வயது முதிர்ந்தவன் எவ்வாறு மீண்டும் பிறக்க இயலும் என்னும் இக்கேள்வியை நம் ஆண்டவரிடமே கேட்ட ஒருவர் உண்டு. அவர் நிக்கதேம். கற்றவர், பெரியவர், பிறர் காணாதபடி இரவில் வந்தவர். அன்றிரவே அவர் மாறிவிட்டதாக யோவான் எழுதவில்லை. ஆனால் ஆண்டவரின் உடலை அடக்கம் செய்யும் நேரத்தில், சீடர் பலர் ஓடி ஒளிந்தபோது, நூறு இராத்தல் அளவு வாசனைப் பொருள்களைச் சுமந்துகொண்டு வெளிப்படையாய் வந்து நிற்கிறார் அதே நிக்கதேம். உள்ளே விசை மாறிவிட்டது. அதற்குச் சில காலம் பிடித்தது, அவ்வளவே.

அன்பர்களே, நம் ஆலயத்துக்கு வெள்ளை அடிக்கிறோம், புதிய ஒலிபெருக்கி வாங்குகிறோம். நல்லதே. அவற்றோடு நம் உள்ளத்தின் அடியில் சுழல்வது எது என்பதையும் ஒருமுறை குனிந்து பார்ப்போம். உராய்ந்து தேயும் பழைய மோட்டார் அங்கே இருக்குமாயின், அதனைக் கழற்றித் தர நாம் இசைய வேண்டும். புதியதைப் பொருத்தும் பணியை ஆவியானவர் பார்த்துக்கொள்வார்.