தண்ணியில்லாக் காட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு!

ஆபீஸில் மேலதிகாரியை முறைத்துக்கொண்டால் என்ன சொல்வார்? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" அந்தக் காட்டைத்தான் நேரில் பார்த்துவிடுவோமே என்று முதுகுளத்தூருக்கு பஸ் ஏறினேன். (டிக்கெட் சொந்தச் செலவு!)

வழியெல்லாம் சீமைக் கருவேல். ஆங்காங்கே கரிமூட்டம் புகைகிறது. களத்தில் குண்டு மிளகாய் காய்கிறது. டீக்கடைப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"மழை பேஞ்சாத்தான் தம்பி இங்க வெள்ளாமை. பேயலைன்னா அந்தக் காலத்துல கண்டிச் சீமைதான். எங்க பாட்டையா அப்படிப் போனவரு. திரும்பலை."

மே தினம் என்றால் 1886, சிகாகோ என்று ஒப்பிக்கிறோம். நம்ம ஜில்லா கதையை யார் சொன்னார்கள்?

ராமநாதபுரத்தில் பஸ் மாறி மண்டபம் போனேன். அந்த இடத்துக்கு இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைச் சில நாள் நிறுத்தி, காலரா, அம்மை இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய முகாம். கழுத்தில் தோட்டத்தின் நம்பர் பொறித்த தகர வில்லை! 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்தன. அதற்கு முன்பு தோணியில் கடல் தாண்டி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடை. வழியிலேயே காலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம்.

நான் பி.காம். அதனால் கணக்குப் பக்கம்தான் புத்தி போகிறது. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் தொழிலாளி பேரில் பற்று. ஒரு கொழுந்து கிள்ளும் முன்பே ஆசாமி கடனாளி! வேறு தோட்டம் போகணுமா? 'கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன்' என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் கட்டும். ஆனால் கடன் தீராது சார், ஆளோடு கூடவே போகும்! 1921-ல்தான் துண்டை ஒழித்தார்கள்.

1931-ல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்டார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார்.

1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம்! சரக்கைப் பங்கு பிரிக்கிற மாதிரி. சம்பந்தப்பட்டவர்களை யார் கேட்டார்கள்?

கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்ததும் இதே மண்டபம் கேம்ப்பில்தான். 1980-களிலிருந்து அங்கே இலங்கை அகதிகள்.

உள்ளே போக அனுமதி வேண்டுமாம். கேட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ராமநாதபுரம் பஸ் வந்துவிட்டது.